மூன்று விகலை

நுழையும்முன்

கடையில் துணி அளக்கும்போதும் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையாளும்போதும் மீட்டர் என்னும் அலகைப் பற்றி எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அந்த அலகை வரையறுக்க ஏழு ஆண்டுகள் நாட்டின் நீளத்தை அளந்தவர் இருவர். அவர்களுள் ஒருவர், தம் அளவீட்டில் கண்ட சிறு முரண்பாட்டை எவரிடமும் கூறாமல் இறக்கும்வரை மனத்துக்குள் சுமந்தார். அவர் மறைத்த அந்த முரண்பாடே, அளவீடு பற்றிய அறிவியலுக்கு ஒரு பாடமாயிற்று. பியர் மெஷேன் என்னும் பிரெஞ்சு வானியலாளரின் வாழ்க்கை அது.

எளிய தொடக்கம்

பிரான்சு நாட்டின் வடபகுதியில் லான் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கே 1744ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் மெஷேன் பிறந்தார். தந்தை சுவர்களுக்குச் சுதை பூசும் தொழில் செய்தவர். கணிதத்தில் மகனுக்கு இருந்த திறமையைக் கண்ட சிலரின் துணையால், பாரிசில் பாலங்களும் சாலைகளும் அமைக்கும் பொறியியலைக் கற்பிக்கும் பள்ளியில் அவர் சேர்ந்தார். ஆனால், பொருள் வசதியின்மை படிப்பை இடையில் நிறுத்தியது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வாழ்க்கையை நடத்தினார்.

அக்காலத்தின் புகழ்பெற்ற வானியலாளர் லலாந்தின் அறிமுகம் அவர் வாழ்வில் திருப்பத்தை ஏற்படுத்தியது. லலாந்தின் பரிந்துரையால் கடற்படையின் நிலப்பட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பகலில் கடற்கரைகளின் படங்களைக் கணக்கிட்டு வரைந்தார். இரவில் தொலைநோக்கியின் முன் அமர்ந்தார். 1781ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு வால்மீன்களைக் கண்டறிந்தார். கண்டறிவதோடு நில்லாமல் அவற்றின் பாதையையும் தாமே கணக்கிட்டுத் தந்தார். மெசியே என்னும் வானியலாளர் தொகுத்த விண்பொருள்களின் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்டவை மெஷேன் கண்டு சொன்னவை. 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பின்னர், மாலுமிகளும் வானியலாளர்களும் நம்பிப் பயன்படுத்திய வானியல் ஆண்டு அட்டவணையின் பதிப்பாசிரியராகவும் அவர் விளங்கினார். பக்கம் பக்கமாக எண்கள் நிறைந்த அந்த ஏட்டில் ஓர் இலக்கம் தவறினாலும் கடலில் செல்லும் கப்பல் வழி தவறக்கூடும். எண்களில் பிழை பொறுக்காத இயல்பு அவரிடம் ஊறிப்போயிருந்தது.

புவியே அளவுகோல்

அந்நாளில் பிரான்சில் ஊருக்கு ஊர் அளவைகள் மாறுபட்டன. ஒரே பெயருடைய அளவு அடுத்த ஊரில் வேறு நீளத்தைக் குறித்தது. வணிகத்தில் ஏமாற்று மிகுந்தது; உழவர்கள் துன்புற்றனர். 1789இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சி எல்லாருக்கும் பொதுவான அளவை ஒன்றை வேண்டியது. அது மன்னரின் கையையோ காலையோ சார்ந்திராமல் இயற்கையிலிருந்து பெறப்பட வேண்டும் என்று அறிஞர்கள் கருதினர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவின் ஒரு கோடியில் ஒரு பங்கே புதிய அலகு என 1791ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முடிவாயிற்று. அதுவே மீட்டர்.

அத்தொலைவு முழுவதையும் நடந்து அளக்க இயலாது. எனவே, பிரான்சின் வடகடற்கரையில் உள்ள டன்கிர்க்கிலிருந்து ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா வரை, ஏறத்தாழ ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மிகுந்த ஒரு வில்லை மட்டும் அளந்து, எஞ்சியதைக் கணக்கிடத் திட்டமிட்டனர். மலையுச்சிகளையும் கோயில் கோபுரங்களையும் இணைத்து முக்கோணங்களின் சங்கிலி ஒன்றை அமைக்க வேண்டும். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தைத் தரையில் கோல் வைத்து அளந்தபின், கோணங்களை அளந்தாலே மற்றத் தொலைவுகள் கணக்கில் கிடைத்துவிடும். இறுதியாக, வில்லின் இரு முனைகளும் புவியில் எந்த அகலாங்கில் உள்ளன என்பதை விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு அறிய வேண்டும். முனையின் அகலாங்கு பிழைத்தால் வில்லின் நீளமும் பிழைபடும்.

வடபகுதி தெலாம்பர் என்பவரிடமும் தென்பகுதி மெஷேனிடமும் ஒப்படைக்கப்பட்டன. 1792ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மெஷேன் பாரிசை விட்டுப் புறப்பட்டார். ஓராண்டில் பணி முடிந்துவிடும் என்று எல்லாரும் நம்பினர்.

மீள்வட்டக் கருவி

அவர்கள் எடுத்துச் சென்ற கருவி, போர்தா என்னும் கடற்படை அறிஞர் வடிவமைத்த மீள்வட்டம். ஒரே வட்டத் தகட்டில் இரண்டு தொலைநோக்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு கோணத்தை ஒருமுறை அளந்ததும் அளவைப் படிப்பதில்லை. வட்டத்தைத் திருப்பி, அதே கோணத்தை முன்னதன்மேல் மீண்டும் கூட்டுவர். பத்து முறை, இருபது முறை கூட்டியபின் ஒரேயொரு முறை படித்து, அந்த எண்ணிக்கையால் வகுப்பர். வட்டத்தின் கோடுகளைப் படிப்பதில் நேரும் சிறு தவறும் அதே எண்ணிக்கையால் வகுக்கப்பட்டுத் தேய்ந்துவிடும்.

ஒரு பாகையில் அறுபது கலைகள். ஒரு கலையில் அறுபது விகலைகள். பழைய கருவிகளால் எட்ட முடியாத நிலையில், ஒரு விகலை அளவுக்கு நுட்பமாக அளக்க இக்கருவி வழி செய்தது. பொறுமையோடு மீண்டும் மீண்டும் அளந்தால் பிழையே இல்லாத நிலையை நெருங்கிவிடலாம் என்று அறிஞர்கள் நம்பினர். அந்த நம்பிக்கையை மெஷேனைப்போல் முழுமையாகக் கொண்டிருந்தவர் வேறு எவருமிலர்.

மலைக்கோட்டையில் ஒரு குளிர்காலம்

பயணத்தின் தொடக்கத்திலேயே இடர் நேர்ந்தது. பாரிசை அடுத்த ஓர் ஊரில், பெட்டிகளில் இருந்த கருவிகளைக் கண்டு ஐயுற்ற மக்கள் அவரைத் தடுத்து நிறுத்தினர். அதனைக் கடந்து ஸ்பெயினை அடைந்த மெஷேன், சில திங்களில் அங்குள்ள மலைகளின்மேல் முக்கோணங்களை அமைத்து முடித்தார். பின்னர், பார்சலோனாத் துறைமுகத்தை நோக்கி நிற்கும் மோன்ஜூயிக் மலைக்கோட்டையில் கருவியை நிறுவினார். 1792ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம் முழுவதும் இரவுதோறும் விண்மீன்களின் உயரத்தை அளந்தார். ஒவ்வொரு விண்மீனையும் நூற்றுக்கணக்கான முறை அளந்தார். பெரும்பாலான முடிவுகள் ஒன்றோடொன்று வியக்கத்தக்க வகையில் பொருந்தின. அடிவானத்துக்கு அருகில் தாழ்ந்து செல்லும் ஒரு விண்மீன் மட்டும் சற்று மாறுபட்டது. காற்றில் ஒளி வளைவதே அதற்குக் காரணமாகலாம் என்று எண்ணினார்.

1793ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இரு துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. நகருக்கு வெளியே நீரேற்றும் இயந்திரம் ஒன்றைக் காணச் சென்ற மெஷேன், அங்கு நேர்ந்த விபத்தில் எலும்புகள் முறிந்து பல நாள் உயிருக்குப் போராடினார். உடல் தேறியபின்பும் வலக்கை நெடுங்காலம் இயங்கவில்லை. பகை நாட்டவர் என்பதால், கோட்டைகளின் அமைப்பை அறிந்த அவரை ஊர் திரும்ப ஸ்பானியப் படைத்தலைவர் விடவில்லை. மோன்ஜூயிக் கோட்டைக்குள் நுழையவும் தடை வந்தது.

விடுதியின் மாடியில்

நகரின் நடுவே ஒரு விடுதியில் மெஷேன் தங்கினார். வெறுமனே காலங்கழிக்க அவர் மனம் ஒப்பவில்லை. அடுத்த குளிர்காலத்தில் விடுதியின் மாடியில் அதே கருவியை நிறுவி, விண்மீன்களை மீண்டும் அளக்கத் தொடங்கினார். விடுதிக்கும் கோட்டைக்கும் இடையேயுள்ள தொலைவை முக்கோண முறையில் கணக்கிட்டார். ஆகவே, விடுதியின் அகலாங்கு தெரிந்தால் கோட்டையின் அகலாங்கும் தெரியும். முன்னைய முடிவை உறுதி செய்யும் சான்று ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்.

கணக்கு முடிந்தபோது அவர் திடுக்கிட்டார். இரண்டு முடிவுகளுக்கும் இடையே மூன்று விகலைக்குச் சற்று மிகுந்த வேறுபாடு இருந்தது. தரையில் அது ஏறத்தாழ நூறு மீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் நூறு மீட்டர் சிறிதே எனலாம். ஆனால், ஒரு விகலைக்குள் அளந்துவிட்டதாக நம்பியவருக்கு அது பேரிடியாயிற்று. கோட்டையில் எடுத்த அளவுகள் தமக்குள் பொருந்தின. விடுதியில் எடுத்தவையும் தமக்குள் பொருந்தின. இரு தொகுதிகளும் மட்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

கோட்டைக்குச் சென்று மீண்டும் அளந்து பார்க்க வழியில்லை. கருவியில் குறையிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தம் கண்ணிலும் கையிலும் கவனத்திலும்தான் குறை என்று அவர் முடிவு செய்தார். விடுதியில் எடுத்த அளவுகளைப் பற்றி எவருக்கும் தெரிவிக்காமல் விட்டார்.

மௌனத்தின் சுமை

1794ஆம் ஆண்டில் மெஷேன் ஸ்பெயினை விட்டு இத்தாலிக்குச் செல்ல இசைவு பெற்றார். அதே ஆண்டில் பாரிசில், அளவைச் சீர்திருத்தத்தில் பங்கேற்ற வேதியியல் அறிஞர் லவாய்சியர் கொலைக்களத்தில் உயிரிழந்தார். அச்சம் நிறைந்த காலம் அது. எனினும், மெஷேனை வாட்டியது அரசியல் அச்சம் மட்டுமன்று. பிரான்சுக்குத் திரும்பிப் பணியைத் தொடர்ந்தபோது, முன்பு விரைந்து செயல்பட்டவர் இப்போது ஒவ்வொரு மலையிலும் தயங்கினார். அளந்ததையே மீண்டும் அளந்தார். நண்பர்களுக்கு எழுதிய மடல்களில் தம்மைத் தாமே பழித்துக் கொண்டார். காரணத்தை மட்டும் கூறவில்லை. 1798ஆம் ஆண்டில் அவருடைய மனைவியே தென்னாட்டுக்குப் பயணம் செய்து, பணியை முடிக்க ஊக்கமளிக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் தெலாம்பர் தம் பகுதியை முடித்ததோடு, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு அடிக்கோடுகளையும் தரையில் அளந்திருந்தார். தென் அடிக்கோட்டின் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். வடக்கிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளமும் தரையில் நேரே அளந்த நீளமும் ஓரடிக்கும் குறைவாகவே வேறுபட்டன. அந்த முக்கோணங்களுள் பல மெஷேன் அளந்தவை.

1798ஆம் ஆண்டின் இறுதியில் இருவரும் பாரிஸ் திரும்பினர். பல நாட்டு அறிஞர்கள் கூடி அளவுகளை ஆராய்ந்தனர். தெலாம்பர் தம் குறிப்பேடுகளை அப்படியே முன்வைத்தார். மெஷேன் குறிப்பேடுகளைக் காட்டாமல், முடிவுகளைச் சீராகத் தொகுத்துத் தந்தார். விடுதி அளவுகள் அத்தொகுப்பில் இல்லை. எண்களின் ஒழுங்கைக் கண்ட அறிஞர் குழு அவரைப் பெரிதும் பாராட்டியது. ஒவ்வொரு பாராட்டும் அவருக்குக் குத்தலாக இருந்தது.

1799ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22ஆம் நாள், பிளாட்டினத்தால் செய்த மீட்டர் கோல் பிரான்சின் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. மெஷேன் பாரிஸ் வானாய்வகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இறுதிப் பயணம்

உயர்ந்த பதவியும் புகழும் அவருக்கு அமைதி தரவில்லை. அளவீட்டைப் பார்சலோனாவுக்குத் தெற்கே, நடுநிலக்கடலில் உள்ள பாலியாரிக் தீவுகள் வரை நீட்டிக்கத் தம்மை அனுப்புமாறு வேண்டினார். வில்லின் முனை தெற்கே நகர்ந்துவிட்டால் பார்சலோனாவின் அகலாங்கு தேவைப்படாது. பழைய பிழையும் பொருளற்றுப் போகும். 1803ஆம் ஆண்டில், அறுபதை நெருங்கிய வயதில் மீண்டும் ஸ்பெயினுக்குப் பயணமானார். வெயிலும் சதுப்பு நிலமும் நிறைந்த கடலோரப் பகுதியில் உழைத்தபோது கடுங்காய்ச்சல் கண்டது. 1804ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள் காஸ்டெல்லோன் நகரில் உயிர் துறந்தார். பணி முடியவில்லை. அதனைப் பின்னர் பியோ, அரகோ என்னும் இளம் அறிஞர்கள் தொடர்ந்து செய்தனர்.

அவருடைய தாள்கள் தெலாம்பரின் கைக்கு வந்தன. அவற்றைப் படித்த தெலாம்பர் வியப்பும் வருத்தமும் அடைந்தார். அளவுகள் கரிக்கோலால் தனித்தாள்களில் எழுதப்பட்டு, அழிக்கப்பட்டு, மாற்றி எழுதப்பட்டிருந்தன. ஒன்றோடொன்று நன்கு பொருந்தும்வண்ணம் எண்கள் திருத்தப்பட்டிருந்தன. விடுதியில் எடுத்த அளவுகளும் அங்கே இருந்தன.

நண்பரின் பெயரைக் காப்பதா, உண்மையைக் காப்பதா என்னும் கேள்வி தெலாம்பரின் முன் எழுந்தது. இரண்டையும் இயன்றவரை காக்க அவர் முயன்றார். 1806 முதல் 1810 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூலில், மறைக்கப்பட்ட விடுதி அளவுகளைச் சேர்த்து வெளியிட்டார். மூலத்தாள்களில் எவையெவை மாற்றப்பட்டன என்று குறிப்பெழுதி, பிற்காலத்தவர் சரிபார்க்க உதவுமாறு வானாய்வகத்தின் பாதுகாப்பில் வைத்தார். அதே வேளையில், மெஷேனின் உழைப்பையும் திறமையையும் அவர் குறைத்துப் பேசவில்லை.

பிழை எங்கே இருந்தது?

1828ஆம் ஆண்டில் நிக்கொலே என்னும் வானியலாளர் அந்த அளவுகளை மீண்டும் ஆராய்ந்தார். தலைக்கு நேர்மேலான புள்ளிக்கு வடக்கே கடக்கும் விண்மீன்களையும் தெற்கே கடக்கும் விண்மீன்களையும் அவர் பிரித்துத் தொகுத்தார். இரு வகைக்கும் தனித்தனியே சராசரி கண்டு, பின் அவற்றை இணைத்தபோது, மெஷேனை வாட்டிய வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. நெடும்பயன்பாட்டால் தேய்ந்த கருவி, வடக்கு விண்மீன்களை ஒரு பக்கமும் தெற்கு விண்மீன்களை மறுபக்கமும் சிறிது பிறழக் காட்டியிருக்க வேண்டும். மெஷேனின் கண்ணும் கையும் குற்றமற்றவை. பத்தாண்டுகள் அவர் தம்மேல் சுமத்திக்கொண்ட பழி, உண்மையில் கருவியைச் சேர்ந்தது.

துல்லியத்தன்மை வேறு, நுட்பம் வேறு என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. அளவீடுகள் தமக்குள் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதைக் காட்டுவது நுட்பம். அவை உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் உள்ளன என்பதைக் காட்டுவது துல்லியத்தன்மை. நான்கு நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரத்தை நூறு முறை கூர்ந்து நோக்கினாலும் சரியான நேரம் கிடைக்காது. நூறு முறையும் அதே தவறே கிடைக்கும். கை நடுங்குவதாலும் காற்று அசைவதாலும் நேரும் ஒழுங்கற்ற பிழைகளைத் திரும்பத் திரும்ப அளந்து குறைக்கலாம். கருவியிலேயே தங்கியிருக்கும் முறையான பிழையை அவ்வாறு நீக்க இயலாது. வேறிடத்தில், வேறு முறையில் அளந்து ஒப்பிடும்போதே அது வெளிப்படும். விடுதியின் மாடியில் மெஷேன் செய்தது அத்தகைய ஒப்பீடே. அவருடைய அளவுகளுள் மிகவும் பயனுள்ளதாக அமைந்ததை அவர் இழிவென்று கருதி மறைத்தார். அவர் காலத்தில் இவ்விரு பிழைகளையும் பிரித்தறியும் தெளிவு அறிவியலில் உருவாகியிருக்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டில், அவருடன் பணியாற்றிய லெஜாந்தர், முரண்படும் அளவுகளிலிருந்து சிறந்த மதிப்பைப் பெறும் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் கையாண்டது இதே வில்லின் அளவுகளை.

இலக்கங்கள் உணர்த்தும் உண்மை

மீட்டரின் நீளத்தைப் பழைய பிரெஞ்சு அலகான லீஞ் என்பதில் குறித்தனர். ஒரு லீஞ் ஏறத்தாழ இரண்டே கால் மில்லிமீட்டர். பழைய அளவீடு ஒன்றைக் கொண்டு 1793ஆம் ஆண்டில் தற்காலிகமாக வரையறுத்த மீட்டர் 443.44 லீஞ். ஏழாண்டு உழைப்பின் பயனாகக் கிடைத்த இறுதி மீட்டர் 443.296 லீஞ். முன்னதில் ஐந்து முக்கிய எண்ணுருக்கள்; பின்னதில் ஆறு. இன்றைய அளவீட்டின்படி துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவு 10,002 கிலோமீட்டர். அதன்படி மீட்டர் ஏறத்தாழ 443.38 லீஞ் இருந்திருக்க வேண்டும். ஆறு இலக்கங்கள் கொண்ட மதிப்பில், தசமப்புள்ளியை அடுத்த முதல் இலக்கமே பொருந்தவில்லை. தற்காலிக மதிப்புத்தான் உண்மைக்குச் சற்று அருகில் இருந்தது!

மெஷேன் மறைத்த மூன்று விகலை இதற்குக் காரணமன்று. புவியின் வடிவத்தைப் பற்றி அறிஞர் குழு கொண்ட கணிப்பு பிழையாக இருந்ததே முதன்மைக் காரணம். அதனால் மீட்டர் கோல் 0.2 மில்லிமீட்டர் குறைந்தது. தசமப்புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்களை எழுதுவது என்பது எழுதுபவரின் விருப்பமன்று. அளவீடு எத்தனை இலக்கங்களுக்குப் பொறுப்பேற்கும் என்பதைப் பொறுத்தது. இன்று மீட்டர் புவியைச் சார்ந்திருக்கவில்லை. 1983ஆம் ஆண்டு முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே மீட்டர் எனப்படுகிறது. எனினும், அதன் நீளம் அன்றைய பிளாட்டினக் கோலின் நீளத்தையே அடியொற்றியது.

ஆய்வகத்தில் ஐந்து அளவுகளுள் நான்கு பொருந்தி ஒன்று விலகும்போது, அந்த ஒன்றை அழித்து எழுதத் தோன்றுவது இயல்பு. உலகம் போற்றிய அளவீட்டாளர் ஒருவருக்கும் அப்படித் தோன்றியது. அதற்கு அவர் தம் மன அமைதியை விலையாகக் கொடுத்தார். விலகி நின்ற அந்த எண்ணை அவர் குறிப்பேட்டில் உள்ளவாறே எழுதி எல்லார் முன்னும் வைத்திருந்தால், கருவியின் குறை அவர் காலத்திலேயே வெளிப்பட்டிருக்கக்கூடும். பாரிஸ் வானாய்வகத்தில் தெலாம்பர் ஒப்படைத்த அந்தத் தாள்கள், அழித்த சுவடுகளோடும் திருத்தங்களைச் சுட்டும் குறிப்புகளோடும் பிற்காலத்தவருக்குக் கிடைத்தன.